நாரி நிமிர்தல்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் சங்கச் செய்யுளையோ கம்பன் கவிநயத்தையோ பற்றி எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவைபற்றி எம்மினும் வல்லார் பலர் முன்னைய மலர்களில் எழுதிப் போந்தனர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மனிதனுடைய இடுப்பு. ஆசிரிய கலாசாலையில் இலக்கணமும் கற்பித்தல் முறையும் பயின்று வந்த ஒருவனுக்கு இடுப்பென்போடு யாது தொடர்பு என அன்பர்கள் நகைத்தல் வேண்டா. மனிதன் ஒருவன் நிமிர்ந்து நிற்றற்கு வேண்டுவன இரண்டு என்பது எமது துணிபு. உறுதியான இடுப்பு ஒன்று. அவ்விடுப்பிற்கு ஊறு நேர்ந்தவிடத்து, நேர்ந்தது இன்னதென அவனுக்கு விளங்குஞ் சொல்லால் எடுத்துக் கூறுவார் ஒருவர், மற்றொன்று. பின்னையது இல்வழி முன்னையது பயன்படாது கிடத்தலை எமது இல்லத்திலேயே கண்டோம். அதனைக் கூறுமுன் உறுப்பின் இயல்பை ஓரளவு விளக்குதல் முறையாகும்.

தமிழிலே இவ்வுறுப்பிற்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. இடை, இடுப்பு, அரை, மருங்கு, நுசுப்பு, நாரி, ஒக்கலை எனப் பெயர்கள் பலவாம். உடலின் நடுவிடத்ததாகலின் இடை என்னும் பெயர் அதற்குப் பொருந்துகின்றது. பாதியளவில் அமைதலின் அரை என்பதும் பொருந்துகின்றது. குழந்தைக்குக் கட்டும் அரைஞாண் அப்பெயரை இன்றுங் காத்து நிற்கின்றது. தாய் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போது அவ்விடமே ஒக்கலையாகின்றது. யாழ்ப்பாணத்திலே நாடோறும் வழங்குஞ் சொல் நாரி. தோட்டங் கொத்துபவன் மண்வெட்டியை ஊன்றி நின்று நாரி நிமிர்த்துகின்றான். மாரி பிறந்தால் முதியோர்க்கு நாரிப்பிடிப்பு வந்து சேர்கின்றது. ஆயினும், இப்பெயர்கள் யாவும் புறத்தே தோன்றும் வடிவையும் தொழிலையும் பற்றி எழுந்தன. தோலுக்கு உள்ளே எந்த என்பு எதனோடு பூட்டப்பட்டுள்ளது, எந்தத் தசை எதனை இழுக்கின்றது என்பவற்றைப் புலவர் பாடிற்றிலர். பாடுதல் அவர் தொழிலும் அன்று.

உள்ளே நோக்குவோம். முள்ளந்தண்டு இறங்கி வந்து முடியும் இடத்தில் ஐந்து முள்ளென்புகள் ஒன்றாக இறுகி முக்கோண வடிவான ஓர் என்பாக நிற்கின்றன. மேனாட்டார் அதனைப் புனிதமான என்பு என்னும் பொருள்படப் பெயரிட்டனர். தமிழில் அது திருவென்பு. அதன் நுனியிலே, வாலின் எச்சம்போலச் சிறிய முள்ளென்புகள் சில, பெரும்பாலும் நான்கு, சேர்ந்து கிடக்கின்றன. கிரேக்கர் அதன் வடிவிற் குயிலின் அலகைக் கண்டனர். யாம் அதனைக் குயிலலகு என்கின்றோம். திருவென்பின் இருமருங்கும் இரண்டு பெரிய இடுப்பென்புகள் வந்து பொருந்தி, முன்னே ஒன்றோடொன்று சந்தித்து வளையமாகின்றன. இதுவே இடுப்பு வளையம். இவ்வளையத்தின் வெளிப்புறத்தே பக்கத்துக்கு ஒன்றாக ஆழ்ந்த குழி உண்டு. உரோமர் உணவு மேசையில் வைத்த புளிக்காடிக் கிண்ணத்தை ஒத்தலின் இலத்தீனில் அப்பெயர் பெற்றது. தமிழிலும் அது கிண்ணக்குழியே. தொடையென்பின் உருண்ட தலை அக்குழியுட் புகுந்து பந்தும் கிண்ணமுமாகப் பொருந்துகின்றது.

இடுப்பென்பு ஒவ்வொன்றும் பிறக்கும்போது ஒன்றன்று, மூன்றாகும். மேலே அகன்று விரிந்தது இலியம். கீழே நாம் இருக்கும்போது எம் பாரத்தைத் தாங்குவது இஸ்கியம். முன்னே சந்திப்பது பியூபிஸ். இம்மூன்றும் கிண்ணக்குழியின் நடுவே மூன்று கிளையுள்ள கசியிழையத்தால் இணைந்துள்ளன. ஆறாம் வகுப்பிலே எம்மிடம் வந்து சேருஞ் சிறுவனுக்கு அவை இன்னும் மூன்றே. அவன் சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றும் 15, 16 வயதளவில் அவை ஒன்றாகத் தொடங்குகின்றன. 20 வயதின் பின்னரே அவை முற்றாக ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே கல்லூரி வாழ்வென்பது ஒருவனுடைய இடுப்பு இறுகும் காலமுமாகும். மாணவர் மைதானத்தில் ஓடியாடுதலை வீண்பொழுதென எண்ணும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்வாராக.

இனித் தசைகளைக் காண்போம். பிட்டத்தின் தசைகள் மூன்று அடுக்காய் அமைந்துள்ளன. மேலே கிடப்பது உடலிலுள்ள தசைகளுட் பெரியது. குந்தியிருந்து எழும்போதும், படியேறும்போதும், ஓடும்போதும் அது தொழிற்படும். சமநிலத்தில் மெல்ல நடப்பார்க்கு அதன் உதவி சிறிதே. அதன்கீழ் நடுத்தசையும், அதன்கீழ்ச் சிறுதசையும் உள. இவ்விரண்டும் இலியத்தின் வெளிப்புறத்தில் தொடங்கித் தொடையென்பின் மேற்புடைப்பிற் சென்று முடிகின்றன. முன்புறத்தே, அடிமுதுகின் முள்ளென்புகளிலிருந்தும் இலியத்தின் உட்புறத்திலிருந்தும் இறங்கும் தசை தொடையை மேலே தூக்குகின்றது. உட்டொடைத் தசைகள் கால்களை ஒன்றோடொன்று சேர்க்கின்றன. தளைநாரிட்டுப் பனையேறுந் தொழிலாளி மரத்தைக் கவ்வி நிற்பதற்கு இவை துணையாகின்றன. தொடையின் குறுக்கே சாய்ந்து இறங்கும் நீண்ட தசை ஒன்று இலத்தீனிலே தையற்காரன் பெயரைப் பெற்றது. அந்நாட்டுத் தையற்காரர் கால்களை மடக்கியிருந்து தைத்தமையே காரணம் என்பர். எம்மூரிற் பெயரிட்டிருப்பின், நிலத்திற் சப்பாணி கட்டியிருந்து உண்ட எம் முன்னோர் அதற்கு வேறு பெயர் தந்திருப்பர்.

இவற்றுள் நடுத்தசையே எமது கதைக்கு நாயகன். மாணவர் இவ்விடத்து வாசித்தலைச் சற்று நிறுத்தி எழுந்து நிற்பாராக. இடுப்பின் வலப்பக்கத்தே, மேலே தோன்றும் என்பு விளிம்பின்கீழ் உள்ளங்கையை வைத்து, இடக்காலை நிலத்தினின்றும் தூக்குவாராக. கையின் கீழ்த் தசை ஒன்று கல்லென இறுகுதல் தெரியும். இடக்காலைத் தூக்கியபோது இறுகியது வலப்பக்கமாதல் எற்றுக்கு? ஒற்றைக்காலில் நிற்கும்போது உடலின் பாரமெல்லாம் மற்றைப் பக்கமாகச் சாயமுயல்கின்றது. அது சாயாதவாறு இடுப்பைப் பிடித்து வைப்பதே இத்தசையின் தொழில். நடத்தல் என்பது மாறிமாறி ஒற்றைக்காலில் நிற்றலேயாதலின், ஒவ்வோரடிக்கும் இத்தசை தொழிற்பட்டே ஆகவேண்டும்.

வாலில்லாக் குரங்காகிய சிம்பன்சிக்கும் இத்தசை உண்டு. ஆயின் அதன் இலியம் நீண்டு உயர்ந்து முதுகுப்புறமாகத் தட்டையாக நிற்றலின், தசையும் பின்னே நின்று தொடையைப் பின்தள்ளவே உதவுகின்றது. மனிதனிலோ இலியம் குறுகிப் பக்கமாக வளைந்தது; அதனால் தசையும் பக்கத்துக்கு வந்தது. எதியோப்பியாவிலே ஹடார் என்னுமிடத்தில் 1974ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டு ‘லூசி’ எனப் பெயர் பெற்ற, ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுப் பழமையான எலும்புக்கூட்டின் இடுப்பும் இவ்வாறு குறுகி அகன்றதே. மூளை பெருக்குமுன்னரே இடுப்பு மாறிவிட்டது. மனிதன் சிந்திக்கத் தொடங்கியது நிமிர்ந்து நின்றதன் பின்னர் என்பது எண்ணி இன்புறற்பாலது.

இவையெல்லாம் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர்க்கு உரியன. யாம் இவற்றைத் தேடிக் கற்றமைக்குக் காரணம் எம் அன்னையார். 2021ஆம் ஆண்டு மாரியிலே, தமது 74ஆம் வயதில், அவர் கிணற்றடியில் வழுக்கி வீழ்ந்தார். வலத் தொடையென்பின் கழுத்து முறிந்தது. கிண்ணக்குழியுட் புகும் உருண்ட தலையையும் நீண்ட தண்டையும் இணைக்கும் ஒடுங்கிய பகுதியே கழுத்து. முதுமையில் என்பு நொய்ந்தபின் சிறு வீழ்ச்சியும் அதனை முறித்துவிடும். தலைக்குக் குருதி கொண்டு செல்லும் கலன்களிற் பெரும்பாலன அக்கழுத்தைத் தழுவியே ஏறுகின்றன. கழுத்து விலகி முறியின் அவையும் அறுந்து, தலை உணவின்றி மடிதல் கூடும். ஆதலின் முதியோர்க்குப் பலகாலும் முறிந்ததை ஒட்டவைத்தலை விடுத்து, தலையை அகற்றி உலோகத் தலை பொருத்துகின்றனர். தேய்ந்த மூட்டுக்குப் பந்து, கிண்ணம் ஆகிய இரண்டையும் மாற்றும் சிகிச்சையை இங்கிலாந்திலே ஜோன் சாண்லி என்னும் சத்திரவைத்தியர் 1962ஆம் ஆண்டளவில் செம்மையுறச் செய்துகாட்டினார். அன்னையார்க்குப் பந்து மாத்திரம் மாற்றப்பட்டது. சத்திரசிகிச்சை செவ்வனே நிறைவேறியது. மறுநாளே அவரைத் தூக்கி நிறுத்தினர். சின்னாளில் வீட்டுக்கும் அனுப்பினர்.

வீட்டுக்கு வந்தவர் படுக்கையைவிட்டு எழ மறுத்தார். நோவு மிகுதி என்று கூறினாரல்லர். “நாரி முறிஞ்சவள் எழும்பினதை நான் காணேல்லை” என்பதே அவர் கூற்று. பார்க்க வந்த அயலவரும் அதனையே வேறு வேறு சொற்களாற் கூறி, கண்கலங்கிச் சென்றனர். முறிந்த என்பை உள்ளே ஏதோ கம்பியாற் கட்டி வைத்திருக்கின்றார்கள், காலூன்றின் அது மீண்டும் முறியும் என்பது அன்னையாரின் எண்ணம். செய்யவேண்டிய பயிற்சிகளைக் குறித்துத் தந்த தாளில் ஆங்கிலச் சொற்களே மிக்கிருந்தன. பயிற்சி கற்பித்த இளம் பெண்மணி அன்புடையார்; ஆயின் அவர்முன் காத்திருந்தோர் பலர். காலைப் பக்கமாகத் தூக்கவேண்டும் என்று காட்டினார்; எதற்காக என்று விரித்துரைக்க அவர்க்குப் பொழுது இல்லை. படுக்கையிலேயே கிடக்கும் முதியோர்க்கு நுரையீரலிற் சளி கட்டுதலும், காலிற் குருதி உறைதலும், முதுகிற் புண் தோன்றுதலும் இயல்பு. உயிர்க்கு ஊறு விளைப்பன முறிவினும் இவையே. நாட்கள் கழிந்துகொண்டிருந்தன.

எம்முடன் கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர் ஆய்வுகூடத்திலுள்ள பிளாத்திக்கு இடுப்பு மாதிரியை எமக்கு இரவல் தந்தார். அதனைப் பனையோலை உமலில் வைத்து வீட்டுக்குக் கொணர்ந்து, அன்னையாரின் கட்டிலருகே இருந்து பாடம் நடத்தினோம். கிண்ணத்தையும் பந்தையும் காட்டினோம். முறிந்த பகுதி இப்போது உள்ளே இல்லை, அதனைக் கட்டி வைக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். புதிய பந்து உலோகம், அது காலூன்றினால் முறியாது என்றோம். அவர் பந்தைத் தம் கையாற் சுழற்றிப் பார்த்தார். பின்பு, “அப்ப எனக்கு ஏன் கால் நிக்குதில்லை?” என்று வினவினார். நல்ல மாணவரின் வினா அது. அதற்கு விடையாக எமக்குக் கிடைத்தது துலா.

நீரிறைக்கும் இயந்திரம் வருமுன்னர் எம்மூர்த் தோட்டக் கிணறுகளில் துலா நின்றமை மூத்தோர் அறிவர். ஆடுகால்மேல் துலா தங்கும். நீண்ட நுனியிலே நீர்ப்பட்டை தொங்கும். குறுகிய அடிப்புறத்தே பாரம் இருக்கும். அன்றேல் ஆளேறி மிதிப்பார். அடிப்புறம் குறுகியதாதலின், நுனியில் தொங்குவதைக் காட்டிலும் கூடிய பாரம் அடியில் வேண்டும். ஒற்றைக்காலில் நிற்போனின் இடுப்பும் இத்தகையதே. தொடையென்பு ஆடுகால், இடுப்பு வளையம் துலா, நுனியிலே தொங்கும் பட்டை உடலின் பாரம், அடிப்புறத்தை இழுப்பது நடுத்தசை. உடற்பாரம் மூட்டிலிருந்து நிற்கும் தூரம், தசை இழுக்கும் தூரத்தின் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே தசை இருமடங்கு வலிவோடு இழுத்தல் வேண்டும். இரண்டு பாரமும் மூட்டின்மேலேயே இறங்குவதால், 50 கிலோகிராம் நிறையுள்ளவர் ஒற்றைக்காலில் நிற்கும்போது மூட்டுத் தாங்குவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு, அதாவது 125 கிலோகிராம் வரையாகும். முறிவாலும், சத்திரசிகிச்சையாலும், படுத்த படுக்கையாலும் தளர்ந்த தசை இதனைச் செய்யமாட்டாதாயின் மறுபக்க இடுப்பு கீழே சாய்ந்துவிடும். ஜெர்மானிய சத்திரவைத்தியர் திரெண்டலன்பேர்க் 1895ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய இக்குறியை வைத்தியர்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

அன்னையார் சிறுமியாயிருந்தபோது தம் தந்தையார் துலா மிதிக்கக் கண்டவர். சிறிதுபொழுது கூரையை நோக்கியிருந்துவிட்டு, “விளங்குது மோனை. துலாவின்ரை அடிப்பாரம் குறைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்” என்றார். அன்று மாலை, தாமாகவே, காலைப் பக்கமாகத் தூக்கும் பயிற்சியைத் தொடங்கினார்.

பின்னர் எழுந்தது ஊன்றுகோற் பிணக்கு. முறிந்தது வலப்பக்கம், கோலை இடக்கையிற் பிடிக்குமாறு பணித்திருந்தனர். வந்தவரெல்லாம் நோவுள்ள பக்கத்திலேயே கோல் வேண்டும் என்றனர். இதற்கும் துலாவே விடை பகர்ந்தது. பட்டை தொங்கும் நுனியைக் கீழிருந்து ஒருவர் சிறிது தாங்கிக்கொடுப்பின் அடிப்பாரம் மிகக் குறையும். இடக்கைக் கோல் செய்வது அதுவே. அது வலமூட்டுக்குத் தூரத்தில் நிற்றலாற் சிறிய ஊன்றலும் பெரும்பயன் தருகின்றது. வலக்கையில் பிடித்த கோலோ ஆடுகாலை அடுத்து நிற்பதால் அத்துணைப் பயன் தராது. அன்னையார் இதனை வந்தவர்க்கெல்லாம் தாமே விளக்கத் தலைப்பட்டார். ஆழக் குந்தலாகாது, கால்மேற் கால் போடலாகாது என்ற விலக்குகளையும், பந்து கிண்ணத்தைவிட்டு வழுவுங் காரணம் அறிந்தபின், முணுமுணுப்பின்றி ஏற்றார். மூன்று மாதத்தின் பின் கோலூன்றிப் படலை வரை சென்றுவந்தார். அவரை எழுப்பியது எமது பாடம் என்று யாம் கூறவில்லை. சத்திரவைத்தியரின் கையும் பயிற்சியுமே எழுப்பின. ஆயின் அவ்விரண்டையும் அவர் ஏற்றுக்கொள்ளுமாறு செய்தது, விளங்கிய சொல்.

இம்முயற்சி எமக்குப் புதிது. எம் மண்ணுக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியமுஞ் செய்து மாணவர்க்கும் அதனைக் கற்பித்தார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தல் வேண்டும் என்னும் உறுதி அவர்க்கு உண்டாயிற்று. தாமும் தமிழ் கற்று, மாணவரையும் துணைக்கொண்டு நூல்களை மொழிபெயர்த்தார். சத்திரவைத்தியம் பற்றிய ‘இரணவைத்தியம்’ 1867இலும், ஹென்றி கிரே முதலாயினோரின் நூல்வழி அமைந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. கிரேயின் ஆங்கில நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858ஆம் ஆண்டிலேயே. பதினான்கு ஆண்டுகளுள் அக்கல்வி எம்மொழியில் அச்சேறியது. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். சமயத்தால் அவர்வழி வேறு, எம்வழி வேறு. ஆயினும் தமிழுக்குச் செய்த தொண்டினைத் தமிழர் மறத்தல் அறமாகாது.

பின்னர், பாடசாலைகளில் விஞ்ஞானம் தாய்மொழியிற் கற்பிக்கப்படலாயிற்று. 1950களிலும் 1960களிலும் அரசகருமமொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழறிஞரும் விஞ்ஞான அறிஞரும் ஒருங்கிருந்து ஆக்கிய சொற்கள் அவை. கிண்ணக்குழி, திருவென்பு, குயிலலகு போன்ற சொற்களை இன்று எம் மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். வைத்தியம் கற்கச் செல்வோர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே கற்கின்றனர். அதனை யாம் குறை கூறவில்லை. உலகின் புத்தறிவு பெரும்பாலும் அம்மொழியிலேயே வருகின்றது. ஆயினும் நோயாளி பல்கலைக்கழகத்தில் இல்லை. அவர் கட்டிலிற் கிடக்கின்றார். அவர்க்கு ‘நாரி’ தெரியும், ‘துலா’ தெரியும்.

ஆதலின் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். கலைச்சொல்லைக் கற்கும்போது அதனுள் இருக்கும் உருவத்தையும் காண்க. குயிலின் அலகும், கிண்ணத்தின் குழியும் கண்முன் நின்றால் சொல் மறவாது. பிறர்க்கு விளக்கவும் பயன்படும். தமிழ் கற்பித்தல் செய்யுளுக்குப் பொருளுரைப்பதோடு முடிவதாக எண்ணும் எம்போன்ற ஆசிரியர்க்கும் ஒன்று கூறுவோம். விஞ்ஞான ஆசிரியரின் அறைக்கும் எமது அறைக்கும் இடையில் உள்ளது ஒரு சுவரே. இடையிடையே அங்குஞ் சென்று வருவோமாக.

இம்மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவருள் வைத்தியராய், தாதியராய், உடற்பயிற்சி வைத்தியராய் உள்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணிபுரிவோர் பலர். அவர்க்கு எமது விண்ணப்பம் இது. முதியவர் ஒருவரின் முறிந்த இடுப்பைச் செப்பஞ் செய்தபின், அவர் கட்டிலருகே சிறிது பொழுது இருந்து, முறிந்தது எது, மாற்றியது எது, காலை ஏன் தூக்கவேண்டும், கோலை ஏன் மறுகையிற் பிடிக்கவேண்டும் என்பவற்றை அவர் வழங்குஞ் சொல்லிலேயே கூறுங்கள். அதற்கு வேண்டிய தமிழ் இக்கல்லூரியில் நீங்கள் கற்ற தமிழே. எம் கல்லூரியும் அதன் மக்களும் நிமிர்ந்து நீடு வாழ்க.